12 வோல்ட் சோலார்: வயரை மாட்டும் முன்

(காட்சி: மொட்டைமாடி. கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்த பேனல்.)

வணக்கம். ஏப்ரல், மே மாதத்தில் பெங்களூரில் மழையும் காற்றும் வந்தால் கரண்ட் போவது நமக்குப் பழகிய விஷயம். அதனால்தான் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் நம்மவர்கள் சிலர் எஸ்.பி. ரோட்டில் 100 வாட் பேனலும் ஒரு பேட்டரியும் வாங்கி, தாங்களே மாடியில் இணைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் "12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பகீரென்கிறது.

12 வோல்ட்டைத் தொட்டால் பொதுவாக ஷாக் அடிக்காது, உண்மைதான். பயப்பட வேண்டியது நெருப்புக்கு. 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரேயடியாகப் பாயும். மோதிரம் நடுவில் மாட்டினால் விரல் வெந்துவிடும். அதனால் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் முதலில் கழற்றுங்கள். ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் இல்லாத பேட்டரியை நான் இணைக்கவே மாட்டேன்.

(காட்சி: மெல்லிய வயரும் தடித்த வயரும் பக்கத்தில் பக்கத்தில்.)

வயர் தடிமனையும் பாருங்கள். 500 வாட் லோடுக்கு 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் சொச்சம் போதும். அதே லோடுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் வர வேண்டும். லைட்டுக்குப் போடும் வயரை இங்கே போட்டால் உருகிவிடும்.

அடுத்தது பேனல். அதை நிறுத்த சுவிட்ச் கிடையாது. வெயில் பட்டாலே மின்சாரம்தான். "12 வோல்ட்" என்று விற்கும் பேனலில், எதையும் இணைக்காதபோது மீட்டர் 21, 22 வோல்ட் காட்டும். எனவே வேலை முடியும்வரை கெட்டியான போர்வையால் மூடுங்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், அப்புறம் பேனல். கழற்றும்போது பேனல்தான் முதலில். பேட்டரி இல்லாமல் பேனலை மாட்டினால் சில கன்ட்ரோலர்கள் அங்கேயே கெட்டுப்போகும்.

வீட்டில் கிடக்கும் சாதாரண எம்சிபியை (கரண்ட் அதிகமானால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்)ப் பேனல் வயரில் போடாதீர்கள். வீட்டு லைனில் வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வந்துபோவதால், சுவிட்சில் எழும் பொறி தானே அணைந்துவிடும். பேனலும் பேட்டரியும் தரும் டிசியில் அந்த இடைவெளி இல்லை, பொறி விடாமல் எரியலாம். டிசிக்கென்றே செய்த, உங்கள் வோல்டேஜுக்குப் பொருந்தும் எம்சிபி வேண்டும். பெரிய பேனல்கள் இரண்டைத் தொடராக இணைத்தாலே 80, 90 வோல்ட் வந்துவிடும், அது ஷாக்கும் அடிக்கும். கரண்ட் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கவே கூடாது.

(காட்சி: இருபுறமும் பிளக் உள்ள வயர், மேலே சிவப்புக் குறுக்குக்கோடு.)

கடைசியாக ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கரண்ட் போனதும் இருபுறமும் பிளக் வைத்த வயரால் இன்வெர்ட்டரைச் சுவர் சாக்கெட்டோடு இணைத்து, வீடு முழுக்க எரியவைக்க முயலாதீர்கள். ஒரு பக்க பிளக் கழன்றால், வெளியே தெரியும் அதன் உலோக முனைகளிலேயே 230 வோல்ட் இருக்கும். மெயின் ஆஃப் ஆகாமல் இருந்தால் அது வெளியே லைனுக்கும் போகும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் பெஸ்காம் (பெங்களூர் மின் விநியோக நிறுவனம்) லைன்மேன் மேல் பாயலாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள்; வீட்டை லைனோடோ இன்வெர்ட்டரோடோ ஒரு நேரத்தில் ஒன்றோடு மட்டுமே அது இணைக்கும். அதுவரை ஃபேனையும் லைட்டையும் நேராக இன்வெர்ட்டரிலேயே சொருகிக்கொள்ளுங்கள்.