போனைப் பிடுங்குவதற்கு முன்னால்

(பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கணினி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அவர்களே, குழுவின் தலைவி அவர்களே, இன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

‘மாணவர்களும் இணையப் பாதுகாப்பும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் இதே தலைப்பில் ஓவியப் போட்டி வைத்தோம். மூன்று பிள்ளைகள் ஒரே படத்தை வரைந்திருந்தார்கள். கூகுளில் தேடினால் முதலில் வருகிற படம் அது. மூவருக்கும் ஆறுதல் பரிசு கொடுத்தோம். எங்களுக்கும் அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதல் தேவைப்பட்டது.

அதனால் அறிவுரையை விட்டுவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். போன் கேமுக்குள் காசு மாதிரி செலவழிக்க வாங்குகிற ‘டைமண்டை’ப் பாதி விலைக்குத் தருவதாக டெலிகிராமில் எவனோ பேசியிருக்கிறான். பையன் 50 ரூபாய் அனுப்பினான். கொஞ்ச நேரத்தில், “டைமண்ட் தீர்ந்துபோச்சு, உன் காசைத் திருப்பித் தர்றேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடு” என்று செய்தி வந்தது. போட்டான். அம்மாவின் கணக்கிலிருந்து 1,850 ரூபாய் போய்விட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வந்த கூலி அது.

யூபிஐயில் பின் நம்பர் என்பது நம் பணத்தை வெளியே விடுகிற சாவி. இருப்பைப் பார்க்கவும் கேட்கும். ஆனால் நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. இந்த ஒரு வரியை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும்தான். எக்செல்லில் கூட்டல் போடச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

எனக்கு உறைத்தது அதைவிட வேறொன்று. பதினொரு நாள் அவன் வாய் திறக்கவில்லை. அம்மா வங்கிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. “ஏன்டா அன்றைக்கே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொன்னா போனைப் பிடுங்கிருவாங்க சார்” என்றான்.

இணையப் பண மோசடியைப் புகார் செய்ய 1930 என்று ஓர் உதவி எண் இருக்கிறது. பணம் போனவுடன் கூப்பிட்டால், மோசடிக்காரன் அதை எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே முடக்கி வைக்க வழி உண்டு. முதல் சில மணி நேரத்துக்குத்தான் அதற்கு வலு. நாங்கள் பதினொரு நாள் கழித்துக் கூப்பிட்டோம். புகார் எண் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. திருடியவன் எங்கேயோ இருந்தான். அவனுக்குப் பதினொரு நாள் அவகாசம் கொடுத்தது நம் வீட்டுப் பயம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பயத்துக்கு விலை இன்னும் அதிகம். ‘படத்தை வெளியே விட்டுவிடுவேன்’ என்று மிரட்டுகிறவன், ‘இவள் வீட்டில் சொல்லமாட்டாள்’ என்பதை மட்டும் நம்பித்தான் மிரட்டுகிறான். அவள் சொல்லிவிட்டால் அவன் பிடி பாதி தளர்ந்துவிடும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிடலாம். பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்று ஓர் இலவசச் சேவையும் இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. படத்தின் கைரேகை மாதிரி ஓர் எண்கோவை மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தை அடையாளம் கண்டு நீக்குகின்றன. இதற்கெல்லாம் முதலில் அந்தப் பிள்ளை அம்மா பக்கத்தில் வந்து உட்கார வேண்டுமே!

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் போனெல்லாம் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

சரி, ஏமாறுவது பிள்ளைகள்தான், நாம் விவரமானவர்கள் என்று நினைக்கிறோமா? 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்கக் காரை நிறுத்தியது. அதில் இருந்த வயதான அம்மா அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்தே போனார். வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்திதான் காரணம்.

அந்த நாட்களில் நாடு முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உண்மையில் அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பைக் திரும்பி வரும், குழந்தையை இறக்கிவிடுவார்கள், விழிப்புணர்வு வாசகம் எழுதிய ஒரு அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த ஜூலையில்தான், ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

‘வெட்டப்பட்டது எங்கே?’ என்று தேடுவதை இப்போது ஏழாம் வகுப்பில் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், வீட்டுக் குரூப்பில் வந்த ஒரு செய்தியை எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு பெண், ‘உலகிலேயே சிறந்த தேசிய கீதம் நம்முடையது என்று யுனெஸ்கோ அறிவித்தது’ என்று எழுதி வந்தாள். லேபில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். செய்தியையே திரும்பத் திரும்பப் படிக்காமல், அதை விட்டு வெளியே வந்து வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்று தேடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று யுனெஸ்கோ 2008-லேயே சொல்லிவிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் கையைத் தூக்கினாள். “சார், இதை அனுப்பினது எங்க சித்தப்பா. அவர்கிட்ட எப்படிச் சொல்றது?”

என் வகுப்பில் இதுவரை வந்ததிலேயே கஷ்டமான கேள்வி அதுதான். குரூப்பில் போடாதே, தனியாகச் சொல் என்றேன். திங்கட்கிழமை வந்து, “சித்தப்பா சிரிச்சார் சார், ஆனா டெலிட் பண்ணலை” என்றாள்.

டீ வந்துவிட்டது என்று தலைமையாசிரியர் கை காட்டுகிறார். டீ குடித்துவிட்டு மாடியில் லேபுக்கு வாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். 1930, 1098 இரண்டையும் உங்கள் போனில் அவர்களே பதிந்து தருவார்கள். குரூப்பில் வந்ததில் உங்களுக்குச் சந்தேகமாக இருக்கிற செய்தி ஒன்றையும் எடுத்து வையுங்கள். சித்தப்பாக்கள் யாராவது வந்திருந்தால் முதல் வரிசையில் உட்காரலாம்.