ஜன்னலுக்கு ஒரு கமிட்டியா?

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணி நண்பர்களுக்கும், புதுச்சேரிப் பெருமக்களுக்கும் வணக்கம். தலைப்பு தெரிஞ்சதுதான்: "புதுவையின் பழைய கட்டடங்களைக் காக்க வல்லது மரபுக் குழுவின் கண்டிப்பா, வீட்டு உரிமையாளரின் அக்கறையா?" மரபுக் குழுன்னா, பழைய கட்டடத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி பார்த்து ஒப்புதல் சொல்ற குழு. நான் கண்டிப்பின் பக்கம்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி அரங்கத்தையே குலுக்கிட்டுப் போயிட்டார். என்ன சொன்னார்? "என் வீட்டு ஜன்னலை மாத்த எனக்கு ஒரு கமிட்டியா? நாளைக்கு வாசல்ல கோலம் போடவும் கமிட்டி வருமா?" கைதட்டல் ஓய நேரமாச்சு. நான் எழுதிட்டு வந்தது வேற பேச்சு, நடுவர் ஐயா. அதை மடிச்சு வெச்சுட்டேன். எனக்கு இந்த ஜன்னல் ஒண்ணு போதும்.

தம்பி, அந்த ஜன்னலுக்கு மேல என்ன இருக்குன்னு என்னைக்காவது அண்ணாந்து பார்த்தீங்களா?

நம்ம ஊர்ப் பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்பும்தான், உள்ளே ஒரு கம்பி கிடையாது. அந்தச் சுவர்ல ஜன்னல் வைக்கணும்னா மேலே வளைவு கட்டணும். செங்கல்லை நிமிர்த்தி, ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி அடுக்கி, நடுவுல கடைசிக் கல்லை இறுக்கிச் சொருகுவாங்க. மேலே இருக்கிற சுவர் பாரம், சுவர்ல தலை வெச்சுப் படுத்திருக்கிற தேக்குச் சட்டங்களோட பாரம், மாடித் தளத்தோட பாரம், அத்தனையும் அந்த வளைவு வழியா ரெண்டு பக்கமும் பிரிஞ்சு கீழே இறங்குது.

இப்ப நீங்க அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் வாங்கறீங்க. அது சதுரம். நம்ம ஜன்னல் தலைப்பு வளைவு. கான்ட்ராக்டர் என்ன பண்றார்? "சார், மேல ஒரு முக்கால் அடி தட்டிட்டா உக்காந்துடும்." தட்டறார். எதைத் தட்டறார்? நடுக்கல்லை! நூறு வருஷத்துக்கு மேலா ஒரு சுவரையே தாங்கின கல்லை! மேலே சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தாரா? இல்லை. அரைநாள் வேலைக்கு முட்டு எதுக்குன்னுட்டார். ஒரு மாசத்துல ஜன்னல் மூலையிலிருந்து கோணலா ஒரு விரிசல் கிளம்பும். அது நேராப் போய்த் தேக்குச் சட்டம் சுவர்ல உக்காந்திருக்கிற இடத்துல நிக்கும். அடுத்த ஐப்பசி மழையில தண்ணி அந்த விரிசல் வழியா இறங்கி, சட்டத்தோட நுனியை மக்க வைக்கும். வீட்டுக்காரர் மாத்தினது ஜன்னலைத்தான், போனது கூரை.

அந்த இடத்துல கம்பி போட்டு கான்கிரீட் லிண்டல் வெச்சுட்டா சரியாப் போச்சேன்னு தம்பி சொல்லலாம். கடல் எங்கே இருக்கு? நடந்து போற தூரத்துல. உப்புக் காத்துல கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடிச்ச இரும்பு பருக்கும். பருத்தா தன்னைச் சுத்தி இருக்கிற கான்கிரீட்டையும் பிளக்கும், பக்கத்துச் செங்கல்லையும் பிளக்கும். நம்ம பாட்டன்மார் சுவர்ல இரும்பு வைக்காததுக்குக் காரணம் இரும்பு கிடைக்காதது மட்டுமில்லை.

குழு ஜன்னலுக்கு என்ன கேட்குது? முகப்போட புகைப்படம், அளவெடுத்த வரைபடம், என்ன பொருள் போடப் போறீங்கங்கற விவரம். பார்த்துட்டு என்ன சொல்லும்? திறப்பை அகலப்படுத்தாதே, வளைவைத் தொடாதே, மரத்தைச் சரிபண்ணு. மரம் முழுசா மக்கியிருக்கான்னா, அநேகமா இருக்காது. மழைச்சாரல் தேங்கற கீழ்ச்சட்டம்தான் மக்கும். அதை மட்டும் அறுத்தெடுத்துட்டு, அதே அளவுக்குத் தேக்குத் துண்டை இணைச்சு, ஆப்பு அடிச்சு இறுக்கினா வேலை முடிஞ்சது. நம்ம பழைய ஜன்னலோட சாய்ஞ்ச பலகை வெச்ச கதவை மூடினாலும் காத்து வரும், வெயிலும் சாரலும் வராது. உங்க ஸ்லைடிங் ஜன்னலை முழுசாத் திறந்தாலும் பாதிதான் திறக்கும் தம்பி!

கோலத்துக்குக் கமிட்டி வராது. கோலம் கூரையைத் தாங்கலை.

எங்கள் எதிரணித் தலைவி அம்மா இன்னொண்ணு கேட்டாங்க. "வீட்டுக்காரருக்கு இல்லாத அக்கறை வெளியாளுக்கு வருமா?" அருமையான கேள்வி. அக்கறை இல்லைன்னு நான் சொல்லவே இல்லையேம்மா. அக்கறை இருக்கு. அந்த அக்கறைதான் வீட்டை இடிக்குது. எப்படின்னு சொல்றேன். மிஷன் வீதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீட்டுக்கு வீடு நடக்கிற கதை இது. கேட்டுட்டு, உங்க வீடா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

ஒரு வீடு. மேலே மெட்ராஸ் டெரஸ். அது என்னன்னு சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்றேன். தேக்குச் சட்டங்களை நெருக்கமா வரிசையாப் போட்டு, அதுமேல மெல்லிசான அச்சுக்கல்லை, அதாவது சின்னச் செங்கல்லை நிமிர்த்தி, மூலைவாட்டா, சுண்ணாம்புச் சாந்துல ஒட்டி அடுக்குவாங்க. அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூணு நாலு அங்குலம் கொட்டி, பெண்கள் வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள்கணக்கா தட்டுவாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டுப் புளிக்க வெச்ச தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுத் தட்டுவாங்க. கட்டை பட்டா எகிறணும், அது வரைக்கும். கடைசியா தட்டோடு. மழைத் தண்ணி ஓட வாட்டம், ஓரத்துல அது வெளியே போகத் தூம்பு.

முதல் மழை. கூடத்துல ஒரு சொட்டு விழுது. காரணம் என்ன? தூம்பை வேப்பிலை அடைச்சிருக்கு. கையை விட்டு எடுத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சது. ஆனா நம்ம ஆளுக்கு வீட்டு மேல அக்கறை. சும்மா விடுவாரா? கொத்தனாரைக் கூப்பிட்டு மொட்டை மாடி பூரா ரெண்டு அங்குலத்துக்கு சிமென்ட் போட்டுட்டார்.

ரெண்டாவது வருஷம். வெயில்ல சிமென்ட் வெடிச்சது. கீழே மரமும் சுண்ணாம்பும் ஒரு மாதிரி அசையும், மேல சிமென்ட் அசையாது, வெடிக்கத்தானே செய்யும்? வெடிப்புல இறங்கின தண்ணி மேல ஆவியாப் போக வழியில்லை. தேக்கு நுனியில போய் உக்காந்துக்குச்சு. கூடத்துல ரெண்டு சொட்டு. அக்கறை! இன்னொரு ரெண்டு அங்குலம் சிமென்ட்.

மூணாவது வருஷம். மூணு இடத்துல சொட்டு. இன்னொரு ரெண்டு அங்குலம். கூடவே, வீட்ல தண்ணி அழுத்தம் பத்தலைன்னு மாடியில ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி.

நடுவர் ஐயா, திரும்பவும் சொல்றேன், கணக்கோட சொல்றேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ரெண்டு அங்குலம் சிமென்ட் ஒரு டன்னுக்கு மேல. மூணு தடவை போட்டார், மூணு டன்னுக்கு மேல. தொட்டித் தண்ணி ஒரு டன். ஆகக்கூடி நாலு டன்! ஒரு சொட்டுக்காக! வேப்பிலையை எடுத்தா நின்னிருக்கிற ஒரு சொட்டுக்காக, மக்கிப்போன தேக்கு நுனி மேல நாலு டன்னை ஏத்தி வெச்சுட்டு, கீழே அதே கூடத்துல பேரப்பிள்ளையைத் தொட்டில்ல போட்டு ஆட்டறார். அக்கறை இல்லாத மனுஷனா அம்மா அவர்? அவரை மாதிரி வீட்டை நேசிச்சவர் தெருவுல இல்லை. அந்த முதல் மழைக்கு, "சிமென்ட் போடாதே, மேல ஏறித் தூம்பைப் பாரு"ன்னு கண்டிச்சுச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்த ஆள்தான் ஐயா குழு!

சுவருக்கும் இதே கதைதான். அடியில ஈரம் ஏறுது, சுண்ணாம்புப் பூச்சு உதிருது. உடனே சிமென்ட் பூச்சு, மேல பிளாஸ்டிக் பெயிண்ட். வேர்த்து வழியற உடம்புக்கு மழைக்கோட்டு மாட்டின மாதிரி. முழங்கால் உயரத்துல நின்ன ஈரம் இடுப்புக்கு ஏறும். உள்ளே உப்பு பூத்துப் பூத்து, ஒருநாள் சிமென்ட் பாளமா விழும்போது செங்கல்லோட முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கிட்டு விழும். சரியான வேலை என்ன? சிமென்ட்டைக் கொத்தி எடு, சுவரை மாசக்கணக்கா காய விடு, உப்பைத் துடைச்செடு. அப்புறம் நல்லா நீர்த்து ஊறின சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ரெண்டரை மூணு பங்கு, மெல்லிசு மெல்லிசா ரெண்டு மூணு கை பூசு, ஈரச்சாக்கு போட்டு மெதுவா ஆற விடு. அவசரப்பட்டா வெடிக்கும். இந்தப் பக்குவம் தெரிஞ்ச கொத்தனார் எங்கே இருக்கார்னு வீட்டுக்காரருக்குச் சொல்றதும் குழுவோட வேலையா இருக்கணும்.

"அரசாங்கத்தோட மேரி கட்டடமே விழுந்துதே, அப்ப குழு எங்கே போச்சு?"ன்னும் கேட்டாங்க. வலிக்கிற கேள்வி. மேரின்னா பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சிக் கட்டடம், 1870-71ல கட்டினது. 2014 நவம்பர் 29, மழையில சரிஞ்சது. பழுதுன்னு ஊருக்கே தெரியும், அலுவலகத்தையே காலி பண்ணிட்டாங்க. வேலை தொடங்கறதுக்குள்ள மழை முந்திக்கிச்சு. பேச்சு இருந்தது, கண்டிப்பு இல்லை. அப்புறம் சுமார் 15 கோடி ரூபாயில அதே சாயல்ல திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா அது 2021ல பிறந்த கட்டடம். காலாகாலத்துல செஞ்சிருக்க வேண்டிய வேலையைச் செய்யலைன்னா பில் எவ்வளவு வரும்னு தெரிஞ்சுக்க, கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாருங்க.

கண்டிப்போட கை கோத்தா என்ன நடக்கும்னு பார்க்கணுமா? கால்வே சுப்பராய செட்டித் தெருவுக்குப் போங்க, நம்ம பழைய வைசியாள் தெரு. ஐரோப்பிய ஒன்றியத்தோட ஆசியா அர்ப்ஸ் திட்டம், 2002லிருந்து 2004 வரைக்கும். நம்ம நகராட்சியும், இத்தாலியோட உர்பினோ நகரமும், பிரான்சோட வில்நவ்-சுர்-லாட் நகரமும் கூட்டாளிகள், கூட மரபுக் கட்டடங்களைக் காக்கற இன்டாக் அமைப்பு. வீட்டுக்காரர்களும் செலவுல பங்கு ஏத்துக்கிட்டாங்க. தெருவோட முகப்புகளை வரிசையாச் சரிபண்ணினாங்க. யுனெஸ்கோ விருது வந்தது. அங்கே யாரும் அக்கறையை விட்டுடலை தம்பி. அக்கறைக்கு வரைபடம் கிடைச்சது.

தாமதம் ஆகுது, ஒப்புதலுக்கு நடக்க வேண்டியிருக்குன்னு சொன்னீங்க. ஒத்துக்கறேன். வேகப்படுத்தணும்.

ஐயா, மணி அடிச்சுட்டீங்க, தெரியுது. ஒரே ஒரு விஷயம்.

1761ல இந்த ஊரை ஆங்கிலேயர் பிடிச்சு, இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. தப்பினது ரொம்பக் கொஞ்சம். அதுல ஒண்ணு ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. 1730கள்ல கட்டினது. கீழே நம்ம மரத்தூண், மேலே பிரெஞ்சுக்காரன் பாணிச் சுண்ணாம்புத் தூண். அந்த மனுஷன் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார், ஊர் விழுந்த அதே ஜனவரியில கண்ணை மூடினார். அவர் நடந்த வீடு இன்னும் நிக்குது. அதுக்கப்புறம் 1765லிருந்து அதே தெருக்கோட்டு மேல நம்ம ஆளுங்க கல்லு கல்லா இந்த ஊரைத் திரும்பக் கட்டினாங்க. பீரங்கி போன பிறகு கட்டின வீடுங்க ஐயா இதெல்லாம்! எதிரி இடிச்சதைக் கட்டினவங்களோட பேரப்பிள்ளைங்க, அலுமினிய ஜன்னலுக்காக இடிக்கலாமா?

மொட்டை மாடியில கட்டையெடுத்துத் தட்டின பெண்கள் யாரு? ஒருத்தி பேரும் எந்தக் கல்வெட்டுலயும் இல்லை. பிள்ளையைத் தூளியில போட்டுட்டு, பாட்டு சொல்லிச் சொல்லித் தட்டினாங்க. அவங்க தட்டின தளத்துக்குக் கீழதான் உங்க அப்பா பிறந்தார். உங்க அத்தைக்குக் கல்யாணம் ஆச்சு. திண்ணையில முன்பின் தெரியாத வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்கினான், "யாருப்பா நீ?"ன்னு யாரும் கேட்கலை, ஒரு சொம்பு மோர் கொடுத்தாங்க. அந்தத் திண்ணையை இடிச்சு ஷட்டர் போட்டா வாடகை வரும். மழைக்கு ஒதுங்க யாரு வருவா?

பெரியவங்களே, தாய்மார்களே, ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். முற்றத்து மரத்தூணைப் பிடிச்சு நடை பழகினவங்க இங்கே எத்தனை பேர்? வெட்கப்படாம கையைத் தூக்குங்க. அந்தக் கடைசி வரிசை அம்மா, நீங்களும்! இப்ப, அந்தத் தூண் இன்னும் நிக்கிறவங்க மட்டும் கையை வெச்சிருங்க, மத்தவங்க இறக்கிடுங்க.

நடுவர் ஐயா, மேல நிக்கிற கைகளை எண்ணிக்குங்க. தீர்ப்பை அப்புறம் சொல்லுங்க.

வணக்கம்.