எங்கள் கந்தோர் கொம்பியூட்டர் ஏன் 2009க்கு ஓடுகிறது?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு வழமையான குளக் கதையும் இல்லை, சாப்பாட்டுக் கடைக் கதையும் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் நான் வேலை செய்கிற கந்தோரின் கொம்பியூட்டர்களைப் பற்றிக் கொஞ்சம் புறுபுறுக்கப் போகிறேன். விவசாயிகளோடு புழங்குகிற ஒரு சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்.

எங்களிடம் இருக்கிற பெட்டிகள் போர் முடிந்த பிறகு உதவித் திட்டங்களில் வந்தவை. தந்த நிறுவனத்தின் ஸ்டிக்கர் பாதி உரிந்தபடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ரிப்பன் வெட்டிப் படமெல்லாம் எடுத்தார்கள். பழுதானால் செலவை எந்தக் கணக்கில் போடுவது என்று மட்டும் ஒருவரும் எழுதிவைக்கவில்லை. என்னுடைய எரிச்சல் முழுவதும் இந்த இடத்தில்தான்.

காசாளர் மேசையில் இருக்கிற பெட்டியைப் பாருங்கள். மதர்போட்டில் காசு மாதிரி ஒரு சின்னப் பற்றரி இருக்கும், சி.ஆர். 2032 என்பார்கள், 3 வோல்ட். பெட்டிக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் திகதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துப்போனதால், கரண்ட் போய் வந்தால் திகதி 2009 ஜனவரி 1க்கு ஓடிவிடுகிறது. உடனே வங்கியின் இணையத்தளம் திறக்காது. தளம் உண்மையானதுதான் என்று காட்டுகிற பாதுகாப்புச் சான்றிதழ் 2009இல் பிறக்கவே இல்லையே! ஒவ்வொரு முறையும் கையால் திகதியைத் திருத்த வேண்டும்.

ஒருநாள் திருத்த மறந்து பற்றுச்சீட்டு அச்சாகிவிட்டது. வாங்கிய ஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இந்தத் திகதியில கிளிநொச்சி ரவுண் வெறிச்சுக் கிடந்தது. நான் விசுவமடுவில தரப்பாளுக்குக் கீழ இருந்தனான். என்னெண்டு என்னட்டைக் காசு வாங்கினீங்கள்?" அவரே சிரித்தார், நாங்களும் சிரித்தோம். சீட்டில் இருந்த திகதிக்கு மறுநாள், அதாவது 2009 ஜனவரி 2ஆம் திகதி, கிளிநொச்சி இராணுவத்தின் கையில் விழுந்தது. அந்தச் சீட்டைக் கிழிக்க எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

இந்தப் பற்றரி பிளேன்ரீயும் வடையும் வாங்குகிற காசுக்கு வரும். ஆனால் எங்களிடம் மூன்று கடைக் கொட்டேசன், தலைவரின் ஒப்பம், பிறகு கூட்டத்தில் அனுமதி. புதுப் பிரிண்டர் கேட்டால் எங்கேயாவது ஒரு திட்டத்தில் வந்துவிடும், பற்றரி மட்டும் வராது. கடைசியில் கணக்காளர் அக்கா தன் கைக்காசில் வாங்கிவந்து போட்டார்.

அடுத்தது பாமினி. பழைய கடிதங்கள், உறுப்பினர் பட்டியல் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பெயரைத் தேடினாலும் கிடைக்காது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்டுக்கு மாறுவோம் என்றால் தட்டச்சு செய்கிற அக்காவுக்குப் பயம், விரல் பழகியது பாமினிக்கு. இ-கலப்பை என்கிற தட்டச்சு மென்பொருளில் அதே பாமினி விசைப்பலகையை வைத்துக்கொண்டே யூனிகோட்டில் அடிக்கலாம் என்று காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. பழையவற்றை மாற்றிக்கொண்டிருக்கிறோம். எழுத்துரு மாற்றியில் போட்டாலும் இடையில் பெயர்கள் பிழையாக வரும், ஆள் உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டும்.

சரி, பெரிய தலையிடி விண்டோஸ். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. எங்கள் பெட்டிகள் விண்டோஸ் 11 கேட்கிற தகுதிக்குக் கிட்டவும் வராது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள் சிலர். காசு யார் தருவது?

எனக்கு நம்பிக்கை தருவது மூலையில் கிடந்த ஒரு பெட்டி. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். முன்பு அதை ஓன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம், இப்போது கதிரையை இழுத்து உட்கார முன் திறந்துவிடுகிறது. கடிதத்துக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஒஃபிஸ் போதும். பற்றுச்சீட்டு மென்பொருள்தான் விண்டோஸ் இல்லாமல் ஓடாது. அந்த ஒரு பெட்டியை இணையத்தில் இருந்து பிரித்துவிட்டு, வங்கி வேலையை மின்ட் பெட்டிக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் நான் புதுக் கொம்பியூட்டர் கேட்கப் போவதில்லை. பராமரிப்புக்கென்று வருடாவருடம் ஒரு தொகை, சின்னச் செலவுக்குக் கொட்டேசன் வேண்டாம், தரவைப் பிரதி எடுக்க வெளி டிஸ்க் இரண்டு, அதில் ஒன்று கந்தோருக்கு வெளியே. இவ்வளவுதான். தலைவர் "பாப்பம்" என்றிருக்கிறார். அவரின் "பாப்பம்" சில வேளை நடக்கும்.

அதுவரைக்கும், வவுனியாவில் பழைய டிடிஆர்3 ராம் நியாயமான விலைக்குக் கிடைக்கிற கடை தெரிந்தால் கீழே எழுதுங்கள். 4 ஜிபி என்றாலும் பரவாயில்லை.