ஈரல் வறுவல் ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம காரைக்குடிப் பக்கம் ஈரல் வறுவல் என்றால் மிளகும் சின்ன வெங்காயமும்தான் நினைவுக்கு வரும். சதுரங்கத்திலும் அந்தப் பெயரில் ஒரு தாக்குதல் உண்டு. இத்தாலியில் பிறந்தது, நானூறு வருஷப் பழசு. அதில் நான் வறுபட்ட கதையைச் சொல்கிறேன்.

ராப்பிட் போட்டி. ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 நொடி கூடும். நாங்கள் அதை வட்டி என்போம், ஊர்ப் புத்தி! ஆனந்த் 2017-இல் உலக ராப்பிட் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 48. அந்தத் தைரியத்தில்தான் நானும் பெயர் கொடுத்தேன்.

எதிரே ஏழாம் வகுப்புப் பையன், எங்கேயோ பார்த்த முகம். வெள்ளைக்காய் அவனுக்கு. நாலாவது நகர்த்தலிலேயே பிஷப்பும் குதிரையும் எஃப்7 கட்டத்தில் நின்ற என் சிப்பாயைக் குறிவைத்தன. அதற்குக் காவல் ராஜா ஒருவர்தான். டி5-இல் சிப்பாயைத் தள்ளி மறித்தேன், வெட்டினான். இங்கே குதிரையை ஏ5 ஓரத்துக்குக் கொண்டுபோய் பிஷப்பை விரட்ட வேண்டும். தெரியும். ஆனால் கை முந்திக்கொண்டு மற்றக் குதிரையால் டி5-இல் வந்த சிப்பாயை வெட்டிவிட்டது.

அவன் யோசிக்கவே இல்லை. குதிரையை எஃப்7-இல் போட்டான். ராணிக்கும் யானைக்கும் ஒரே அடி. ராஜாதான் அதை வெட்ட வேண்டும். வெட்டினால் ராணி வந்து செக். டி5 குதிரையைக் காப்பாற்ற, முற்றத்து மழையில் இறங்குகிற மாதிரி, ராஜா பலகையின் நடுவுக்கு வந்தார்.

காய்க் கணக்கில் அவன்தான் கடனாளி: ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை. நிதானமாக உட்கார்ந்தால் கறுப்புக்கு ஏதாவது வழி தேடலாம். தேட நேரம்? என் கடிகாரத்தில் 6 நிமிடம். அவனுக்கு வட்டி சேர்ந்து 15-க்கு மேலேயே நின்றது.

அப்புறம் ஆசை. இன்னொரு குதிரையால் சி2 சிப்பாயை வெட்டிச் செக் வைத்து, மூலை யானையையும் தின்றேன். அவன் முகத்தில் சலனமே இல்லை, டி5 குதிரையை வெட்டினான். யானையைத் தின்ற குதிரைக்குத் தாவ இரண்டே கட்டம், இரண்டிலும் அவன் காவல். ராஜா நடுத்தெருவில். கொஞ்ச நேரத்தில் மேட்.

கை கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டான்: “சார், ஏ5-னுதானே லீவு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தீங்க?”