கடவுளின் கழைக்கூத்தாடிகளும் நம் ஊர் நூலகமும்

பேரன்புக்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி நானே அறியாத பல செய்திகளைச் சொன்ன செயலாளர் அவர்களே, வேறு இரண்டு விழாக்களை விட்டுவிட்டு இங்கே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, பலன் இல்லாதபோதும் இன்றுவரை பாசம் குறையாத தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கி கொடுத்து உதவிய பந்தல் கடைக்காரர் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் மாலை வணக்கம். பொன்னாடை வேண்டாம், புத்தகம் போதும் என்று போன கூட்டத்திலேயே சொல்லியிருந்தேன். இரண்டையும் கொடுத்துவிட்டீர்கள். சரி, வாங்கிக்கொண்டேன்.

இன்று மூன்று விஷயங்கள் பேசப்போகிறேன். ஒன்று, கார்லோஸ் சூரினாக் என்ற இசையமைப்பாளர். இரண்டு, அவர் இசை எப்படி இசைத்தட்டில் ஏறியது. மூன்று, ஸ்பெயினின் நாடோடி மக்களான ஹிதானோக்களின் மூதாதையர் இந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த கதை.

சூரினாக் 1915-இல் பார்சலோனாவில் பிறந்தவர். அம்மா பியானோ வாசிப்பவர், முதல் குருவும் அவர்தான். அப்புறம் ஜெர்மனிக்குப் போய்ப் படித்தார். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க் வந்து சேர்ந்து, அமெரிக்கக் குடிமகனும் ஆனார். இவர் ஸ்பெயினின் வடகிழக்கே இருக்கும் கட்டலான்காரர். பிளமெங்கோ என்கிற பாட்டும் ஆட்டமும் கிதாரும் சேர்ந்த கலையோ தெற்கே ஆண்டலூசியாவின் சொத்து. ஆனாலும் அந்தத் தாளத்தை மேற்கத்திய வாத்தியங்களுக்குள் இவர் கொண்டுவந்த விதம் இருக்கிறதே, கேட்டால்தான் தெரியும்.

‘ரித்மோ ஹோண்டோ’ என்று ஒரு படைப்பு. கிளாரினெட், டிரம்பெட், சைலோபோன், தோல் வாத்தியங்கள். கூடவே கைதட்டுவதற்கென்றே ஆட்கள். கைதட்டலை வாத்தியமாக நினைத்து எழுதியிருக்கிறார். முதல் பகுதி புலேரியாஸ், வேகமான ஒரு பிளமெங்கோ வகை. பன்னிரண்டு அடிச் சுழற்சி. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பிரித்துத் தொடையில் தட்டிப் பாருங்கள். தாளம் போட்டுப் பழகியவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். தலைமையாசிரியர் ஐயா அதற்குள் தட்ட ஆரம்பித்துவிட்டார், பாருங்கள்! அடுத்தது சாயெட்டா. புனித வாரத்தில் சுரூபங்கள் பவனி வரும்போது மாடியில் நின்று ஒருவர் மனம் உருகிப் பாடுகிற பாட்டு. கடைசியில் கர்ரோட்டின், குறும்பான இரண்டடித் தாளம். இந்த இசையை வளர்த்தெடுத்துத்தான் 1953-இல் அமெரிக்க நடன அமைப்பாளர் டோரிஸ் ஹம்ப்ரி, ஹோசே லிமோனின் நடனக் குழுவுக்கு நடனம் அமைத்தார். இடுப்பு நோயால் தானே ஆட முடியாமல் போன பிறகும் மற்றவர்களை ஆடவைத்த அம்மா அவர்.

எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவருக்குக் கூடம் எப்படி இருந்தாலும் சரிதான்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும். மார்த்தா கிரஹாம் தெரியுமல்லவா, அமெரிக்க நவீன நடனத்தின் தலைமகள். 1955-56-இல் ஆசியச் சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தவர். 1958-இல் ஆதாம், ஏவாள், யூதக் கதைகளில் ஆதாமின் முதல் மனைவியான லிலித், அந்நியன் என்று நான்கே பேரை வைத்து ‘எம்பேட்டில்டு கார்டன்’ என்ற நடனம் அமைத்தார். அதற்கு இசை சூரினாக். ஏதேன் தோட்டத்துக்குள் பிளமெங்கோ! அது ஓடியது. உடனே 1960-இல் இன்னொன்று, ‘அக்ரோபேட்ஸ் ஆஃப் காட்’. கடவுளின் கழைக்கூத்தாடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்தைந்து. நம் வீட்டில் அறுபத்தைந்து என்றால் முழங்காலுக்குத் தைலம் தேடுகிற வயது. சிரிக்காதீர்கள், நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். அவர் மேடை ஏறுகிறார். என்ன வேடம்? நடனம் அமைக்க வேண்டிய, ஆனால் ஒன்றுமே தோன்றாத ஓர் அம்மாள் வேடம். தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறார்! நடனக்காரர்கள் எல்லாரும் அடுத்த அடி என்ன என்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இவருக்கோ அங்கிருந்து ஓடிவிட்டால் தேவலை போலிருக்கிறது. ஒத்திகை நடத்துகிறவரோ கையில் சவுக்கோடு வருகிறார். ஆமாம், சவுக்கு! நம் நட்டுவனார் கையில் தட்டுக்கழி இருக்கும், பார்த்திருக்கிறோம், சவுக்கைப் பார்த்திருக்கிறோமா? இத்தனைக்கும் நடுவே மூன்று மாண்டலின் கலைஞர்களை மேடையிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். மாண்டலின் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறார் என்று எனக்குத் தெரியும். சீனிவாஸுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த மூவரை யோசித்துப் பாருங்கள். வாத்தியக்காரர்கள் வழக்கமாக மேடைக்குக் கீழே பள்ளத்தில் இருட்டில் கிடப்பவர்கள். அன்று அவர்களும் ஆடுபவர்களோடு வெளிச்சத்தில் இருந்தார்கள்.

என் ஆதங்கமே இதுதான். நடனத்துக்கு எழுதிய இசை நடனத்தோடு கட்டிப்போடப்படுகிறது. அந்த நடனம் அரங்கை விட்டுப் போனால் இசைக்கோவையும் அலமாரிக்குள் போகிறது. சுவரொட்டியில் நடனமணியின் பெயர் பெரிதாக இருக்கும், இசையமைத்தவரின் பெயருக்கு பூதக்கண்ணாடி வேண்டும். ஸ்பெயின் இசையமைப்பாளர் அல்பேனிஸின் ‘இபேரியா’ பன்னிரண்டு பியானோத் துண்டுகள் கொண்டது. அதில் ஐந்தை ஆர்போஸ் என்பவர் இசைக்குழுவுக்கு மாற்றினார். மிச்சம் ஏழையும் மாற்றியவர் நம் சூரினாக். அதைக் கேட்டு ரசித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? இந்த மாதிரி இசைக்குச் சந்தை இல்லை என்று வியாபாரிகள் சொல்வார்கள். கூடம் கோணலாம்!

சரி, இசைத்தட்டுக்கு வருகிறேன். சிங்கம் கர்ஜிக்குமே, அந்த எம்ஜிஎம் சினிமா நிறுவனம் அப்போது இசைத்தட்டும் போட்டது. அதில் சூரினாக்கே நடத்துனராக நின்று தன் இசையையும் மற்றவர்கள் இசையையும் பதிவு செய்தார். இன்னொரு பக்கம், கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற ஊர். அவர்களுடைய இசைக்குழு காசில்லாமல் தள்ளாடிய சமயம். மேயர் பார்ன்ஸ்லி ஒரு யோசனை சொன்னார்: பெரிய பெரிய வித்வான்களுக்குச் சம்பளம் கொடுத்து அழைப்பதை விட்டுவிட்டு, புது இசை எழுத ஆட்களுக்குப் பணம் கொடுப்போம். 1953-இல் ராக்பெல்லர் அறக்கட்டளை 4,00,000 டாலர் கொடுத்தது. எழுதச் சொல்லி, வாசித்து, இசைத்தட்டும் போட்டார்கள். சூரினாக்கின் ‘சின்ஃபோனியெட்டா பிளமெங்கா’ அப்படிக் கிடைத்ததுதான்.

அதே ஊரின் பொது நூலகம் 1950-இல் சொந்தமாக ஒரு எஃப்.எம் வானொலியே தொடங்கியது. நூலகம்! நகர்மன்ற உறுப்பினர் அம்மா தயவுசெய்து கவனிக்க வேண்டும். நியூயார்க் நூலகத்தில் நடனத்துக்கென்றே ஒரு பிரிவு 1944-இலிருந்து இருக்கிறது. இசைப்பதிவுகளுக்கும் தனிக் காப்பகம் உண்டு. நமக்கு என்ன குறை? நாட்டுக்கே முன்னோடியான பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். நான் பல ஆண்டுகளாகக் கேட்பது ஒரே ஓர் அறை. நாலு ஹெட்போன், ஒரு கணினி, பழைய இசைத்தட்டைச் சுழற்ற ஒரு கருவி. நம் ஊர் நாதஸ்வர, தவில் வித்வான்களின் கச்சேரிகள் யார் யார் வீட்டுப் பரணிலோ கேசட்டில் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றையும் அங்கே சேர்க்கலாம். இடம் இல்லை என்று பதில் வருகிறது. மாடியில் உடைந்த நாற்காலிகளுக்கு மட்டும் ஓர் அறை நிறைய இடம் இருக்கிறது! பாட்டியின் பழமொழியை மறுபடி சொல்லவேண்டாம் என்று பார்த்தேன், கூட்டத்திலேயே யாரோ சொல்லிவிட்டீர்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஹிதானோக்கள் கதை இன்னொரு நாளைக்கு. நூலகத்தில் அந்த அறை கேட்டு எழுதிய மனுவில் கையெழுத்துப் போட வாசல் மேசையில் படிவம் இருக்கிறது, பேனாவும் நூல் கட்டி வைத்திருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அம்மா அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாகத் தலையாட்டியதை நான் பார்த்துவிட்டேன். இப்போது தம்பி ‘ரித்மோ ஹோண்டோ’வைப் போடுவார். புலேரியாஸ் முடிந்ததும் காபி வரும், சாயெட்டா ஓடும்போது மட்டும் டம்ளர் சத்தம் வேண்டாம். நன்றி, வணக்கம்.