கீழ சுத்தம், மேல அழுக்கு: கிறிஸ் ஸ்க்வயர் பேஸ் சத்தம் நம்ம பேஸ்ல வருமா?

அடுத்த கேள்வி. இதப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசு நிறைஞ்ச சந்தோஷம். படிக்கிறேன். "சார், யெஸ் பேண்டோட ரவுண்டபவுட் பாட்டுல கிறிஸ் ஸ்க்வயர் வாசிக்கற பேஸ் கிட்டார் சத்தம் எனக்கு வேணும். என்கிட்ட இருக்கறது ஜாஸ் பேஸ் மாதிரி ரெண்டு பிக்கப் வெச்ச ஒரு விலை கம்மியான பேஸ், சின்ன பிராக்டிஸ் ஆம்ப், ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். ரிக்கன்பேக்கர் வாங்காம அந்த டோன் வருமா?"

புதுசா கேக்கறவங்களுக்கு ஒரு வரி: பிக்கப்னா கம்பியோட அதிர்வைப் பிடிக்கற காந்தம், ஆம்ப்னா அதைப் பெருசாக்கற பெட்டி, மல்டி எஃபெக்ட்ஸ்னா சத்தத்தை மாத்தற பல பெடல் ஒண்ணா இருக்கறது, ரிக்கன்பேக்கர்னா ஸ்க்வயரோட பேஸ் செஞ்ச கம்பெனி, டோன்னா சத்தத்தோட குணம். வரும் தம்பி. முழுசா இல்லன்னாலும், பாட்டோட சேத்து வாசிக்கும்போது கேக்கறவங்க தலையைத் திருப்பிப் பாக்கற அளவுக்கு வரும். நீங்க அந்த ஜோஜோ அனிமே பாத்துத்தான் இந்தப் பாட்டுக்கு வந்தீங்களான்னு தெரியல. 2012ல அந்த சீரிஸ்ல எபிசோடு முடியும்போது போடுற பாட்டா இது வந்ததுலேர்ந்து, இருபது வயசுப் பசங்க எல்லாம் கிறிஸ் ஸ்க்வயர் பத்திக் கேக்கறாங்க. பாட்டு வந்தது 1971ல. எந்த வழியா வந்தா என்ன, வந்தீங்களே, அது போதும்.

முதல்ல அவர்கிட்ட என்ன இருந்துச்சுன்னு சொல்லிடறேன். 1965ல லண்டன்ல ஒரு மியூசிக் கடையில வேலை பாத்துட்டு இருந்தார். அங்க வேலை பாக்கறவங்களுக்குக் கிடைக்கற தள்ளுபடியில ஒரு ரிக்கன்பேக்கர் வாங்கினார். ஆர்எம் 1999னு பேர், இங்கிலாந்து மார்க்கெட்டுக்குன்னு அனுப்பின மாடல். கடைசிவரைக்கும் அவரோட அடையாளம் அந்த ஒரு பேஸ்தான். அது மேல ஒரு காலத்துல பூப்போட்ட வால்பேப்பர் ஒட்டியிருந்தார். அப்புறம் அதையெல்லாம் சுரண்டி எடுத்து, மரத்தையும் சேத்து இழைச்சு, மறுபடி பெயின்ட் அடிச்சு... அந்தப் பேஸ் கொஞ்சம் கொஞ்சமா இளைச்சே போச்சு. அதனாலதான் அந்த சத்தம்னு சொல்றவங்க உண்டு. மரம் சத்தத்தை மாத்துமாங்கற சண்டைக்குள்ள நான் இன்னிக்குப் போகல. அதுக்குன்னு தனியா பேசியிருக்கேன், பாத்திருப்பீங்க.

ஆம்ப், 100 வாட் மார்ஷல் சூப்பர் பேஸ். ஸ்ட்ரிங், ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ். ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட், அதாவது மேல உருண்டைக் கம்பி சுத்தினது. 1966 வாக்குல தி ஹூ பேண்டோட ஜான் என்ட்விசில் அந்தக் கம்பெனியோட சேந்து உக்காந்து உருவாக்கின ஸ்ட்ரிங் அது. அதுக்கு முன்னாடி பேஸ்னா பெரும்பாலும் தட்டைக் கம்பி சுத்தின ஃபிளாட்வவுண்ட்தான், தம்முன்னு அமுங்கின சத்தம். ரவுண்ட்வவுண்ட் வந்தப்புறம்தான் பியானோவோட கீழ்ப் பக்கத்துக் கம்பி மாதிரி கணீர்னு கேக்க ஆரம்பிச்சுது.

இங்க ஒண்ணு சொல்லணும். என்கிட்ட கத்துக்க வந்த ஒரு பையன், இதே ஸ்க்வயர் டோனுக்காக மூணு டிரைவ் பெடல், அதாவது சத்தத்தைக் கரகரன்னு ஆக்கற பெடல், மாத்திப் பாத்துட்டு, எதுவும் சரிவரலன்னு சோர்ந்து போய் வந்தான். பேஸைக் கையில வாங்கிப் பாத்தா, ஸ்ட்ரிங் பழசாகிக் கறுத்துக் கெடக்கு. வேற எதையும் தொடல. புது ஸ்டீல் ஸ்ட்ரிங் மட்டும் போட்டோம், டோன் நாபை முழுசாத் திறந்தோம். அவன் மூஞ்சி மாறிடுச்சு. மேல் சத்தம் ஸ்ட்ரிங்ல இருந்தாத்தான் பெடல் அதைத் தூக்கிக் காட்டும். இல்லாத ஒண்ண எந்தப் பெடலும் உண்டாக்காது. அதனால உங்க முதல் செலவு பெடல் இல்ல, ஸ்ட்ரிங்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம சேனல ரெகுலரா பாக்கறவங்க இப்பவே வாய்க்குள்ள சொல்லிட்டிருப்பீங்க. கீழ சுத்தம், மேல அழுக்கு. அதேதான். அடிச்சத்தத்தை அப்படியே சுத்தமா விட்டுட்டு, மேல் சத்தத்தை மட்டும் கரகரப்பாக்கறது. ஸ்க்வயர் தன்னோட பேஸோட வயரிங்கை மாத்தி, ரெண்டு பிக்கப்பும் தனித்தனியா வெளிய வர்ற மாதிரி ஸ்டீரியோ ஆக்கிக்கிட்டார். அதாவது ஒரே கையால வாசிக்கறது ரெண்டு சத்தமாப் பிரிஞ்சு போகுது. போதாததுக்கு அந்தக் காலத்து ரிக்கன்பேக்கர்ல பிரிட்ஜ் பிக்கப்போட, அதாவது கம்பி முடியற பக்கத்து பிக்கப்போட, 0.0047 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒண்ணு வெச்சிருப்பாங்க. அது அந்தப் பிக்கப்போட அடிச்சத்தத்தை வெட்டிடும். அப்ப அந்தப் பிக்கப் கிட்டத்தட்ட ஒரு கிட்டார் மாதிரி பேசும், கழுத்துப் பக்கம் இருக்கற நெக் பிக்கப் அடியைத் தாங்கும்.

இது ஏன் முக்கியம்? பேஸோட ஓப்பன் ஈ ஸ்ட்ரிங், அதாவது எங்கயும் அழுத்தாம அடிக்கற கனமான ஸ்ட்ரிங், 41 ஹெர்ட்ஸ். அதோட 82, 123, 164னு மேல அடுக்கடுக்கா ஹார்மோனிக்ஸ், அதாவது அதோட மடங்கான மேல் சத்தங்கள், போகும். இது எல்லாத்தையும் ஒரே டிரைவ் பெடலுக்குள்ள விட்டீங்கன்னா, பலமா இருக்கற அடிச்சத்தம் பெடலைப் பிடிச்சு ஆட்டும், மேல இருக்கற எல்லாம் அதோட சேந்து கலங்கும். கோலத்து மேல தண்ணி ஊத்தின மாதிரி ஆயிடும், கோடு எதுன்னே தெரியாது. நோட்டோட அடியும் போச்சு, முனையும் போச்சு. "நான் டிரைவ் போட்டா பேஸ் காணாமப் போகுது சார்"னு நிறைய பேர் எழுதறீங்களே, காரணம் இதுதான்.

உங்க மல்டி எஃபெக்ட்ஸ்ல ரெண்டு வழியாப் பிரிக்கற வசதி இருக்கான்னு பாருங்க. இருந்தா, 250 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கோடு போடுங்க. அதுக்குக் கீழ, சத்தத்தோட ஏற்ற இறக்கத்தைச் சமன் பண்ற ஒரு கம்ப்ரஸர் மட்டும், ரேஷியோ 4க்கு 1 போதும். டிரைவ் கூடாது. கோட்டுக்கு மேல இருக்கறதுக்கு டிரைவ். 800லேர்ந்து 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் ஏத்துங்க, 5000க்கு மேல இறக்கிடுங்க, இல்லன்னா கொசு கத்தற மாதிரி இரைச்சல் வரும். மேல் பாதியைத் தனியாக் கேட்டா அசிங்கமா, ஒல்லியா, ஒரு மட்டமான கிட்டார் மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, அப்படித்தான் இருக்கணும். இப்ப கீழ் சத்தத்தை வெச்சுட்டு மேல் சத்தத்தை மெதுவா ஏத்திக்கிட்டே வாங்க. டிரம்ஸ், கிட்டார் எல்லாம் ஓடும்போது ஏத்தணும், தனியா இல்ல. சேத்தப்புறம் அடி மெலிஞ்ச மாதிரி இருந்தா ஒரு பக்கம் பேஸைத் திருப்பி... மன்னிக்கணும், பேஸ் கிட்டார் இல்ல, ஃபேஸ், பி எச்ல ஆரம்பிக்கறது, அதாவது சத்த அலையோட ஏற்ற இறக்கம். ஃபேஸைத் திருப்பிப் போட்டுக் கேளுங்க. எது தடிமனாக் கேக்குதோ அது சரி.

பிரிக்கற வசதி இல்லையா? கிளீன் சத்தத்தைக் கலக்கற பிளெண்ட் நாப் இருக்கற டிரைவ் போதும். அதுவும் இல்லன்னா கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணி, அதே டிராக்கை ரெண்டாக்கி, ஒண்ணுல கீழ, ஒண்ணுல மேலன்னு வெட்டுங்க. என் நண்பர் வீட்டு ஹால்ல பேஸ் ஆம்ப் ஒண்ணு, கிட்டார் ஆம்ப் ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே பேஸை ரெண்டுலயும் விட்டோம். பேஸ் ஆம்ப் கிளீன். கிட்டார் ஆம்ப்புக்கு அடியை வெட்டி அனுப்பினோம், அது கரகரன்னு. அடுத்த ரூம்லேர்ந்து அவர் அண்ணன் வந்து, "யாருடா இன்னொருத்தன் வாசிக்கறது?"ன்னு கேட்டார். கீழ சுத்தம், மேல அழுக்கு. நான் ஏன் இதையே சொல்லிக்கிட்டு இருக்கேன்னு அந்தக் கேள்வியிலயே தெரியும்.

சின்ன ஆம்ப்பைப் பத்திக் கவலைப்படாதீங்க. 8 இஞ்ச் ஸ்பீக்கர்ல 41 ஹெர்ட்ஸ் சரியா வராது, பேஸ் நாபை ஏத்தினா ஸ்பீக்கர் படபடக்கும், அவ்வளவுதான். 60க்குக் கீழ வெட்டிடுங்க. மேல இருக்கற 82, 123ஐ வெச்சே நம்ம காது அந்த அடி நோட்டைக் கட்டிக்கும்.

அப்புறம் வலது கை. ஸ்க்வயர் பிக், அதாவது கம்பியை மீட்டற சின்னத் தகடு, வெச்சு வாசிச்சவர். ஆனா பிக்கோட முனையைக் கொஞ்சூண்டு மட்டும் வெளிய விட்டு, பிக் ஸ்ட்ரிங்கை அடிச்ச உடனே கட்டை விரல் சதையும் அதே ஸ்ட்ரிங்கைத் தொடும். அந்தத் தொடுதல்ல ஒரு கிண்ணுன்னு ஹார்மோனிக் தெறிக்கும். ரவுண்டபவுட்ல ஒவ்வொரு நோட்டோட முன்பக்கமும் கேக்கற அந்த உலோகக் கூர்மையில பாதி இதுலேர்ந்துதான் வருது. ஆம்ப் இல்லாமலே பழகலாம். உங்க பேஸ்ல ரெண்டு பிக்கப்புக்கும் நடுவுல ஆரம்பிங்க, ஒரு விரல் அகலம் முன்ன பின்ன நகத்திப் பாருங்க.

டோன் பத்திச் சொல்லிட்டேன். ஆனா எனக்கு உண்மையில யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருக்கற கேள்வி வேற. அவர் அந்த நோட்டுகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்? ஏன்னா அந்த டோன் ஒரு தேவையிலேர்ந்து பொறந்தது. ஸ்க்வயர் சின்ன வயசுல லண்டன் கிங்ஸ்பரியில சர்ச் கொயர்ல பாடினவர். சொல்லிக் கொடுத்தவர் பேரி ரோஸ், பின்னாடி செயின்ட் பால்ஸ் கதீட்ரல் வரைக்கும் போய் இசை நடத்தினவர். கொயர்ல நாலு குரல் இருந்தா நாலும் தனித்தனி மெட்டுல போகும். கீழ்க் குரல்னு சும்மா தாங்கிப் பிடிச்சுட்டு நிக்காது, அதுக்கும் ஒரு பயணம் உண்டு. அந்தக் காதோட வளந்த பையன் பேஸ் எடுத்தா, அதையும் ஒரு பாடகன் மாதிரிதான் நடத்துவான். மெட்டாப் பாடற பேஸ் எல்லாருக்கும் கேக்கணும்னா அதுக்கு மேல் சத்தம் வேணும். அதே சமயம் பேண்டுக்கு அடியும் வேணும். ரெண்டும் வேணும்னா பிரிச்சுத்தான் ஆகணும்.

அந்தப் பாட்டுல யெஸ் டிரம்மர் பில் ப்ருஃபோர்டோட டிரம்ஸையும் சேத்துக் கேளுங்க. பல எடத்துல ரெண்டு பேரும் ஒரே எடத்துல அடிக்க மாட்டாங்க. ஸ்க்வயர் ரெண்டு நோட்டு வாசிச்சுட்டு நிறுத்துவார், அந்த இடைவெளியில ஸ்னேர் டிரம் விழும். நோட்டை எங்க நிறுத்தறார்னு கவனிங்க. இடது கையை லேசாத் தூக்கி டக்குன்னு வெட்டறார். நீங்க நோட்டை ஓட விட்டீங்கன்னா எந்த செட்டிங் போட்டாலும் அந்தப் பாட்டு மாதிரி கேக்காது.

அதனால தம்பி, புது ஸ்ட்ரிங் போட்டுட்டு, முதல் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்த மெட்டை, ரெண்டு தடவை பதிவு பண்ணி அனுப்புங்க. ஒண்ணு எந்த எஃபெக்ட்டும் இல்லாம, ஒண்ணு நான் சொன்ன மாதிரி பிரிச்சு. முதல்ல அந்த எஃபெக்ட் இல்லாததைத்தான் கேப்பேன். நிறுத்தற எடங்கள் சரியா இருக்கான்னு பாத்துட்டு, அப்புறம் மத்ததுக்கு வர்றேன். சரி, அடுத்தது ஃப்ரெட்லெஸ் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார்.