ஈர நெல்லும் கையூட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

"லஞ்சம் நம்ம ரத்தத்துலேயே ஊறிப்போச்சு சார், மாத்த முடியாது." டெல்டாவில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர் பெரும்பாலும் அன்று காலைதான் எங்காவது பணம் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அதே மனிதர் ரயில் நிலையத்தில் திருச்சிக்கு டிக்கெட் எடுக்க யாரையும் 'கவனித்தது' கிடையாது. தபால் ஆபீசில் ஸ்பீடு போஸ்ட் போட ஐந்து ரூபாய் கூடுதலாக நீட்டியதும் கிடையாது. ரத்தம் ஒன்றுதான், ஜன்னல் மட்டும் வேறு. அதனால் இன்று ஒரு ஜன்னலைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் இயல்பு பற்றி ஒரு ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் ஐ.நா. சபைக்கு வரும் வெளிநாட்டுத் தூதர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு. காரைக் கண்ட இடத்தில் நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கினாலும் பணம் கட்ட வைக்க முடியாது. ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகுவெல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அந்தச் சீட்டுகளை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊழல் மலிந்த நாட்டுத் தூதர்கள் சீட்டுகளைக் குவித்திருந்தார்கள். நார்வே, சுவீடன்காரர்களிடம் அநேகமாக ஒன்றுமில்லை. 'பாத்தீங்களா, பிறவிக் குணம்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2002 அக்டோபரில், பாக்கி வைத்தால் தூதரகக் காரின் நம்பர் பிளேட்டையே கழற்றலாம் என்று மாநகரத்துக்கு அதிகாரம் வந்தது. மீறல்கள் ஏறக்குறைய 98 சதவீதம் விழுந்தன. ஊர்ப் பழக்கத்தைக் கூடவே கொண்டு வருகிறோம் என்பது நிஜம். அந்தப் பழக்கம் சில மாதத்தில் கழன்று விழும் என்பதும் நிஜம்.

இப்போது, விவசாயியிடம் அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வாருங்கள். ஐப்பசி மாதம், குறுவை அறுவடை, மேலே கருத்த வானம். குவியல் மீது தார்ப்பாய். 40 கிலோ சிப்பமாக, அதாவது மூட்டையாகப் பிடிக்கிறார்கள். 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை பெய்தால் மத்திய அரசிடம் கேட்டு இந்த வரம்பைத் தளர்த்துவது உண்டு. குழு வந்து, மாதிரி எடுத்து, உத்தரவு இறங்குவதற்குள் அடிநெல் முளை காட்டிவிடும், அது வேறு கதை.

விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சன்ன ரகம் ஒரு சிப்பம் 1,018 ரூபாய். பேச்சுக்கு, நிலையத்தில் சிப்பத்துக்கு 40 ரூபாய் லஞ்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 60 சிப்பம் கண்டால் 2,400 ரூபாய். வயிறு எரியும். ஆனால் களத்துமேட்டுக்கு வரும் வியாபாரி குவிண்டாலுக்கு 300 ரூபாய் குறைத்துக் கேட்டால், சிப்பத்துக்கு 120 ரூபாய் போகும். எனவே 120-க்குக் கீழே எதைக் கேட்டாலும் விவசாயி கொடுத்துவிடுவார். மழை நெருங்க நெருங்க இந்த உச்சவரம்பும் ஏறும். கேட்பவருக்கு எத்தனை ஆசை என்பதை விட, கொடுப்பவருக்கு வேறு வழி எவ்வளவு மோசம் என்பதுதான் தொகையை முடிவு செய்கிறது.

மேஜைக்கு அந்தப் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் காய்ந்த பொருள் 80 கிலோ. அதே நெல் 17 சதவீதத்துக்கு உலர்ந்தால் மொத்த எடை 96.4 கிலோதான் நிற்கும். ஒரு சிப்பத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ காற்றில் போய்விடும். இரக்கப்பட்டோ பணம் வாங்கிக்கொண்டோ ஈர நெல்லை 17 என்று எழுதிப் பிடித்தால், குடோனில் இறக்கும்போது எடை குறையும். அந்தக் குறைவு, நிலையத்தில் கணக்கு எழுதும் பட்டியல் எழுத்தர் தலையில் விழும். அவர்களில் பலர் பருவகாலப் பணியாளர்கள். லாரி வராமல் மூட்டைகள் பத்து நாள் வெட்டவெளியில் அடுக்கிக் கிடந்தால் இழப்பு இன்னும் கூடும். ஆகவே சிப்பத்துக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். சுமைதூக்குபவர்களோ, நிலையத்தை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகம் தரும் கூலி கட்டவில்லை என்று விவசாயியிடமே கை நீட்டுவார்கள். முதலில் இழப்புக்கு முட்டுக் கொடுக்கப் பிடித்த நெல்தான். அது எந்த வருஷம் வருமானமாக மாறியது என்று பிடித்தவருக்கே சொல்லத் தெரியாது.

சரி, ஒருவர் 'கொடுக்க மாட்டேன்' என்று நின்றால்? யாரும் மிரட்ட மாட்டார்கள். மாதிரியை மறுபடி எடுப்பார்கள். குவியலின் மேல்பகுதியில் வெயில் பட்ட நெல் 16 காட்டும். கையை முழங்கை வரை விட்டு உள்ளிருந்து அள்ளிய நெல் 19 காட்டும். 'காயப் போட்டுக் கொண்டாங்க' என்பார்கள். விதியில் ஒரு எழுத்துக்கூட மீறப்படவில்லை. பணம் கொடுத்தவருக்கு மேல்நெல், கொடுக்காதவருக்கு அடிநெல். இரண்டு அளவீடும் மெஷின் காட்டியதுதான். பின்னால் வரிசையில் நிற்கும் ஐம்பது பேரும், 'அண்ணே, மழை வருது, குழப்பம் பண்ணாதீங்க' என்று அவரைத்தான் ஏசுவார்கள். விவசாயிக்கு விவசாயியே காவல்காரர் ஆகிவிடுகிறார். 'மாமூல்' என்றால் வழக்கம் என்றுதானே பொருள். அந்தச் சொல்லைச் சூட்டியவர் விவரம் தெரிந்தவர்.

ஹாங்காங் போலீசில் ஒரு காலத்தில் ஒரு பேச்சு வழக்கு இருந்தது: பஸ்ஸில் ஏறிக்கொள், இல்லாவிட்டால் கூடவே ஓடு, குறுக்கே மட்டும் நிற்காதே. வாங்காதவர் வாங்காமல் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. 1974-இல் போலீசுக்கு வெளியே தனி ஆணையம் வைத்த பிறகுதான் அந்த பஸ் நின்றது. வாங்கும் பணத்தில் மேலிடத்துக்குப் போகும் பங்கு பற்றி ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் 1982-இல் எழுதினார். தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தில் பொறியாளர்கள் நல்ல இடத்துக்கு மாறுதல் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கொடுத்ததைக் காண்ட்ராக்டரிடமும் விவசாயியிடமும் வசூலித்தார்கள். பதவிக்கே விலை வைத்த இடத்தில் கீழே இருப்பவருக்கு நல்லொழுக்கப் பாடம் நடத்துவது நேர விரயம்.

காக்க வைப்பதே காசாகும் இந்தக் கணக்கைப் பழைய தஞ்சை மாவட்டத்துக்காரரான கே. சந்தானம் அன்றைக்கே பிடித்துவிட்டார். ஊழல் தடுப்புக்காக மத்திய அரசு 1962-இல் அமைத்த அவருடைய குழு 1964-இல் அறிக்கை தந்தது. 'வேகப் பணம்' வேலையை வேகப்படுத்துவதில்லை, அதுவே தாமதத்துக்குக் காரணமாகிவிட்டது என்றது அறிக்கை. தாமதம் விற்பனைச் சரக்காகிவிட்டால், அதை உற்பத்தி செய்ய ஆள் இருக்கத்தானே செய்வார்கள்? பட்டா மாறுதலில் இதையே காணலாம். உட்பிரிவு, அதாவது நிலத்தைத் துண்டாகப் பிரிக்கும் வேலை, இல்லாத மாறுதலை கம்ப்யூட்டருக்கு விட்ட இடத்தில் தொல்லை குறைந்தது. உட்பிரிவு இருந்தால் சர்வேயர் வயலுக்கு வர வேண்டும். என்றைக்கு வருவார் என்பது அவர் கையில்.

கொள்முதலிலும் பணம் இப்போது நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. நல்ல மாற்றம்தான். முன்பு பட்டுவாடாவில் பிடித்ததை இப்போது எடை போடும் முன்பே ரொக்கமாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். காரணம் பணம் கைமாறும் இடமல்ல, ஈரமும் காத்திருப்பும். நிலையத்திலேயே உலர்த்தும் இயந்திரம், அன்றன்று மூட்டையை நகர்த்தும் லாரி, ஈரத்தால் குறையும் எடைக்கு எழுத்துப்பூர்வமான கழிவு: இந்த மூன்றும் இல்லாமல் எச்சரிக்கைப் பலகை மட்டும் வைத்தால் அது மூட்டைக்கு நிழல் தரும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்தியதால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீசிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுத்தில் புகார் தந்தால் பொறி வைப்பார்கள். நோட்டு எண்களைக் குறித்து, ஃபினால்ப்தலீன் பவுடர் தடவி, வேறு துறை அரசு ஊழியர் இருவரைச் சாட்சியாக அழைத்துப் போவார்கள். வாங்கிய கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாகும். ஆனால் நிறம் மட்டும் போதாது; அவர் வாய்விட்டுக் கேட்டதும் நிரூபணமாக வேண்டும். பல வழக்குகள் இங்கேதான் சறுக்கும். புகார்தாரர் அவசரப்பட்டுத் தானாக நீட்டிவிடுவார், அல்லது விசாரணை வரும்போது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆகிவிடுவார். அடுத்த போகத்துக்கும் அதே நிலையத்துக்குத்தானே போக வேண்டும்? புகார்தாரர் பிறழ்ந்தாலும் மற்ற சாட்சியங்களால் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருப்பது ஒரு பிடிமானம்.

வரும் அறுவடைக்கு ஒரு காரியம் செய்யலாம். ஊரில் நாலு பேர் சேர்ந்து ஈரப்பதம் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வையுங்கள். நெல்லை வண்டியில் ஏற்றும் முன் குவியலின் மேல், நடு, அடி என்று ஐந்தாறு இடத்தில் அள்ளிக் கலந்து அளந்து, தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதுங்கள். நிலையத்திலும் அதேபோல் கலந்து எடுக்கச் சொல்லுங்கள். நாலு பேரும் ஒன்றாகவே போங்கள். தனியாக நிற்பவரிடம்தான் அடிநெல்லைத் தோண்டுவார்கள்.